ஒரு ஆள் பாக்கெட்

ஜூன் 12, வியாழன்

காலில் மாவுக்கட்டு, வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் ரிப்பேர். என் நிலைமை இவ்வளவுதான். நான் பாட்டுக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். நாய் குறுக்கே வந்தது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு இரண்டு இடத்தில் விரிசல் விட்டுவிட்டது. ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது, படி இறங்குவதெல்லாம் அதற்கும் அப்புறம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லிஃப்டைச் சரி செய்வது யார் பொறுப்பு என்று அசோசியேஷனில் இரண்டு கட்சியாக நின்று சண்டை போடுகிறார்கள். அவர்கள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் என் எலும்பு கூடிவிடும்.

மகள் சுபா ஓசூரிலிருந்து போன் செய்தாள். "அப்பா, சும்மா படுத்துக்கிட்டு அம்மாவப் பாடாப் படுத்தாதீங்க. டைரி எழுதுங்க, பொழுது போகும்" என்றாள். நான் எங்கே படுத்துகிறேன்? பாய்லர் தொழிற்சாலையில் முப்பது வருடம் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன். ஒட்டுப் போட்ட இடத்தில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். பட்டதைச் சொல்கிறேன். அதற்குப் பெயர் படுத்துவதா?

கனிக்குத்தான் முகம் தொங்கிவிட்டது. சண்முகக்கனி, என் மனைவி. சனிக்கிழமை கோவில்பட்டிக்குப் போக டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் அவளுடைய அக்கா ராஜக்கனி மெஸ் நடத்துகிறார். ஒரு மாதம் அக்காவோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது வந்துவிடும். என் ஷிஃப்ட், சுபாவின் பரீட்சை, என் அம்மாவின் சீக்கு. இந்தத் தடவை நாய். டிக்கெட்டை நானே போனில் ரத்து செய்தேன். அவள் "சரிங்க" என்றாள்.

ஜூன் 14, சனி

ரயில் கிளம்பும் நேரத்துக்குக் கனி பால்கனியில் துணி காயப்போட்டாள். காலையில் காயப்போட்ட அதே துணி.

ஜூன் 17

உழவர் சந்தைக்குக் காலையில் போகிறவள் வெயில் ஏறின பிறகுதான் வருகிறாள். கூடையில் பார்த்தால் ஒரு கட்டுக் கீரை, நாலு கத்திரிக்காய், ஒரு துண்டு பூசணி. இதற்கா இவ்வளவு நேரம்? தினமும் போனால்தான் பிஞ்சாகக் கிடைக்கும் என்கிறாள். அதுவரை இங்கே ஒரு மனிதன் கட்டிலில் கிடக்கிறான். தண்ணீர் வேண்டுமென்றால் யாரைக் கேட்பது? கூரையில் ஓடும் காற்றாடியையா?

ஒன்று கவனித்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்வரை அவள் முகத்தில் சிரிப்பு இருக்கிறது. அங்கே யாரோ எதையோ சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். உள்ளே வந்ததும், "மாத்திர போட்டீங்களா?" அவ்வளவுதான்.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும்.

ஜூன் 20

கட்டியாயிற்று. வேக்குவம் சீலர் வந்துவிட்டது. போனில் தேடி, நாலு பேர் செய்துகாட்டும் வீடியோவைப் பார்த்து, நானே ஆர்டர் போட்டேன். பார்க்க ஒரு நீளமான டிபன் பாக்ஸ் அளவுதான். பையில் பொருளைப் போட்டு, வாயை அதன் தாடைக்குள் கொடுத்து மூடி அமுக்கினால் உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சிவிட்டு, வாயைச் சூடு வைத்து ஒட்டிவிடும். காற்று இல்லாவிட்டால் காய் சீக்கிரம் வாடாது. ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. வாரத்துக்கு ஒரு தடவை சந்தைக்குப் போய் மொத்தமாக வாங்கி வந்து ஒட்டிப் போட்டுவிட்டால் முடிந்தது வேலை. தினமும் அலைய வேண்டாம்.

கனியிடம் சொன்னேன். "நான் அலையறேன்னு உங்ககிட்டச் சொன்னேனா?" என்றாள்.

நல்லது செய்தாலும் குற்றம்.

ஜூன் 21

இன்று முதல் சோதனை. இரண்டு சோபாவுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு மெஷினை வைக்கச் சொன்னேன். மழைக்காலத்தில் நமுத்துப்போகும் பொருள் எது என்று யோசித்து அப்பளத்தில் ஆரம்பித்தேன். பொரித்த அப்பளம். மெஷின் உர்ரென்று இழுத்தது. பை உள்வாங்கிக்கொண்டே வந்தது. அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது. நிறுத்தும் பொத்தான் எது என்று கையேட்டில் தேடுவதற்குள் எல்லாம் பொடியாகிவிட்டது.

கனி அந்தப் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "காத்து சுத்தமாப் போயிருச்சு. அப்பளமும் சேந்து போயிருச்சு" என்றாள். நான் ஒட்டை மட்டும் பார்த்தேன். ஒட்டு முதல் தரம்.

ஜூன் 25

ஒட்டுகிற இடத்தில் எண்ணெய் பட்டால் ஒட்டுப் பிடிக்காது. இதை நான் கனிக்குப் பத்துத் தடவை சொல்லிவிட்டேன். இரும்பாக இருந்தாலும் இதுதான் விதி, பிளாஸ்டிக்காக இருந்தாலும் இதுதான் விதி. பையின் வாயை வெளிப்பக்கம் சட்டைக் கையை மடக்குகிற மாதிரி மடக்கிவிட்டு, பொருளைப் போட்டுவிட்டு, அப்புறம் நிமிர்த்த வேண்டும். அவள் போட்ட மூன்று பாக்கெட்டை நான் தள்ளுபடி செய்தேன். சேப்பங்கிழங்கு வறுவலின் எண்ணெய் வாயில் பட்டது ஒன்று, மீன் முள் குத்தி ஓட்டை விழுந்தது ஒன்று, மடிப்பு விழுந்தது ஒன்று. திரும்பப் போடச் சொன்னேன். போட்டாள். திரும்பப் பார்த்தேன்.

குழம்பு விஷயத்தில் மட்டும் அவள் இஷ்டம். நான் அப்படியே பையில் ஊற்றி ஒட்டச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. ஆறவைத்து, சதுர டப்பாவில் ஊற்றி, ஃப்ரீசரில் வைத்து, மறுநாள் கட்டியான பிறகு டப்பாவிலிருந்து தட்டி எடுத்து ஒட்டினாள். "எதுக்கு இந்த ரெட்டை வேலை?" என்றேன். "இருக்கட்டுங்க" என்றாள். அவளுக்கு மெஷினை நம்ப மனசில்லை.

ஜூன் 30

ஒரு வாரமாகக் கனி வெளியே போகவில்லை. போக வேண்டிய அவசியம் இல்லை. பீன்ஸ், கேரட், முருங்கைக்காய் என்று எல்லாம் பையில் இருக்கிறது. பால் வாசலுக்கு வந்துவிடுகிறது. கூப்பிட்ட குரலுக்கு அவளும் இருக்கிறாள். மெஷின் போட்ட பணத்துக்கு வேலை செய்கிறது.

ஆனால் வீடு ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது. அவள் சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடக்கிறாள். நான் கட்டிலுக்கும் சோபாவுக்குமாக நகர்கிறேன். எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்க வேண்டியிருக்கிறது. சாயங்காலம் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றாள். "அங்க என்ன தெரியுது?" என்றேன். "ஒண்ணும் தெரியலங்க" என்றாள். அதற்குப் பிறகும் நின்றாள்.

ஜூலை 4, வெள்ளி

இன்று சண்டை. எழுதத்தான் வேண்டும்.

கோவில்பட்டி மதினி போன் செய்தார். மெஸ்ஸில் சமையல் மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட்டாராம். "ஒரு மாசம் வந்து கை குடுடீ. ஒனக்கும் நாலு மனுசங்களப் பாத்த மாதிரி இருக்கும்" என்று அவர் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. கனி போனை வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அப்படி உட்காருகிறவள் இல்லை.

"டாக்டர் கால ஊனலாம்னு சொன்னதுக்கப்புறம் ஒரு மாசம் போயிட்டு வரட்டுமாங்க?"

"அப்ப நான் பட்டினி கெடக்கணுமா?"

"சாப்பாடு ஒண்ணுதானாங்க?"

"பின்ன வேற என்ன?"

அவள் எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் அதோடு விட்டிருப்பேன். பேசாமல் உட்கார்ந்திருந்தது எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. "எனக்குச் சாப்பாட்டுக்கு ஒரு வழியப் பண்ணிட்டு நீ எங்க வேணாலும் போ. நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்று கத்தினேன். கீழ்வீட்டுக்கே கேட்டிருக்கும்.

"நெசமாவா?" என்றாள்.

"நெசமாத்தான்."

சமையலறைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அம்மியில் எதையோ நசுக்கும் சத்தம் கேட்டது.

ஜூலை 5

பேச்சு இல்லை. இரண்டு குழம்பு வைத்தாள். ஒன்றைத்தான் எனக்குப் போட்டாள்.

ஜூலை 8

கனியின் கோபம் தணிந்துவிட்டது. அதுமட்டுமில்லை, மெஷின்மேல் அவளுக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று சமைத்து ஒட்டுகிறாள். சந்தைக்கு இரண்டு தடவை போய் வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சுருளிலிருந்து பை வெட்டுவதைப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னதாக வெட்டுகிறாள். "எதுக்கு இவ்வளவு சின்னது? ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பையாப் போட்டா ஒட்டு மிச்சம், சுருள் மிச்சம். வீணாக்கறே" என்றேன்.

"இது போதுங்க" என்றாள்.

யோசித்தால் அதுவும் சரிதான். உறைந்ததை உருக்கிவிட்டு மறுபடி உறையவைக்கக் கூடாது என்று கையேட்டில் இருக்கிறது. நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

ஜூலை 11

இடுப்பு வலிக்கிறது, இன்றைக்கு நீங்களே சோறு வையுங்கள் என்றாள். எலெக்ட்ரிக் குக்கரைச் சாப்பாட்டு மேசையிலேயே கொண்டுவந்து வைத்தாள். அரிசி ஒரு டம்ளர், தண்ணீர் இவ்வளவு, இந்தப் பொத்தான். இதில் என்ன இருக்கிறது? முதல் தடவையிலேயே பொலபொலவென்று வந்தது. நாளைக்கும் நீங்களே வையுங்கள் என்றாள். ஆளைப் பாராட்டி வேலை வாங்குவதில் கனி கெட்டிக்காரி.

சமையலறையையும் மாற்றி அடுக்குகிறாள். மேல் தட்டில் இருந்த உப்பு, நெய், ஊறுகாய், டம்ளர் எல்லாம் கீழே வந்துவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்றால் சரியாக என் கைக்கு எட்டுகிறது. எல்லாரும் ஆடிக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்வார்கள், அதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 16

ஃப்ரீசரில் ஊசி நுழைய இடமில்லை. கனி பாக்கெட்டுகளைத் தட்டையாக உறையவைத்து, அலமாரியில் புத்தகம் அடுக்குகிற மாதிரி நிற்க வைத்திருக்கிறாள். வத்தக்குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு, அயிரை மீன் குழம்பு, கோழிச் சுக்கா, வாழைப்பூப் பொரியல். தண்ணீர் கேன் கொண்டுவந்த வாட்ச்மேன் மரியதாஸைக் கூப்பிட்டுத் திறந்து காட்டினேன். "என்ன சார், கடை போடப் போறீங்களா?" என்றான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மதியத்துக்குக் கோழிச் சுக்கா ஒன்றை எடுக்கச் சொன்னேன். கனி ஃப்ரீசர் கதவை மூடிவிட்டாள். "அதுல கை வைக்காதீங்க. அது இப்பத்துக்கு இல்ல."

"பின்ன எப்பத்துக்கு?"

"வேணும்கிறப்ப."

ஜூலை 22, செவ்வாய்

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். மரியதாஸும் அவனுடைய மச்சானும் என்னை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். கால் ஊறுகாயில் கிடந்த மாங்காய் மாதிரி சுருங்கிப்போய் இருந்தது. வாக்கரோடு வீட்டுக்குள் நடக்கலாம், படி மட்டும் இன்னும் மூன்று வாரம் கூடாது என்றார் டாக்டர்.

"வீட்ல தனியா இருக்கலாமா டாக்டர்?" என்று கனி கேட்டாள்.

"தாராளமா இருக்கலாம்மா."

பாத்ரூமுக்குத் தனியாகப் போவதைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்தேன். ஆட்டோவில் வரும்போது வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஜூலை 24, வியாழன்

கனி போய்விட்டாள்.

காலையில் குளித்துத் தலையைப் பின்னிக்கொண்டு, பச்சைப் புடவையில் வந்து நின்றாள். கையில் பை. "சாப்பாட்டுக்கு வழி பண்ணிட்டேங்க" என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை. ஃப்ரீசரைத் திறந்து காட்டினாள். ஒரு பாக்கெட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, சாப்பிடும் நேரத்துக்குச் சுடுதண்ணியில் போட்டால் போதும். சோறு நானே வைத்துக்கொள்வேன். தயிர் பால்காரர் கொடுப்பார். இட்லி மாவு மரியதாஸ் வாங்கி வந்து கொடுப்பான். பெருக்கித் துடைக்க ஸ்டெல்லா வருவாள். சுபா தினமும் போன் செய்வாள். எல்லாருக்கும் சொல்லியாயிற்று. எனக்குத்தான் கடைசியில்.

"நான் ஏதோ கோவத்துல சொன்னது கனி."

"நீங்க எப்படிச் சொன்னீங்களோ, நான் நெசமாத்தான் எடுத்துக்கிட்டேன்."

"எப்ப வருவே?"

"தீந்ததும் ஒரு போன் போடுங்க. மறு பஸ்ல வந்துர்றேன்."

சத்தம் போட நினைத்தேன். பயமாக இருந்தது. வாக்கரோடு படி வரைக்கும் போனேன், அதற்கு மேல் முடியவில்லை. அவள் செருப்புச் சத்தம் மூன்று மாடியும் இறங்குவது கேட்டது. எங்கேயும் நிற்கவில்லை.

ஜூலை 25

அவள் வைத்துவிட்டுப் போனதை நான் ஏன் தொட வேண்டும்? பிஸ்கட், வாழைப்பழம், மறுபடி பிஸ்கட். கனி சாயங்காலம் போன் செய்தாள். "சாப்டீங்களா?" "ஆச்சு." "என்ன எடுத்தீங்க?" "ஏதோ ஒண்ணு." நம்பின மாதிரி தெரியவில்லை.

ஜூலை 26

வத்தக்குழம்பு. மெஷின் வேலையா, அவள் வேலையா தெரியவில்லை, இன்றைக்கு வைத்த மாதிரி இருந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

ஜூலை 29

ஒரு யோசனை வந்திருக்கிறது. தீர்ந்ததும் போன் போடச் சொன்னாள் அல்லவா? தீர்த்துவிட்டால் போகிறது.

மரியதாஸைக் கூப்பிட்டு நாலு பாக்கெட்டை எடுத்துப்போகச் சொன்னேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேணாம் சார். சார் குடுத்தா வாங்காதேன்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க." ஸ்டெல்லாவிடம் கேட்டேன். அவளுக்கும் அதே உத்தரவு. முப்பது வருடத்தில் என்னை யாரும் இப்படி முன்கூட்டியே அளந்து வைத்ததில்லை.

சரி, நானே தின்று தீர்க்கிறேன்.

ஜூலை 30

இரண்டு வேளைக்கும் இரண்டிரண்டு பாக்கெட். கோழிச் சுக்காவும் மீன் குழம்பும். வயிறு கடமுடா. வாக்கரோடு பாத்ரூமுக்கு ஓட முடியாது என்பது இன்று தெரிந்துகொண்ட பாடம்.

ஜூலை 31

படுத்துக்கொண்டு யோசித்தேன். மொத்த ஃப்ரீசரிலும் இரண்டு பேர் சாப்பிடுகிற பாக்கெட் ஒன்றுகூட இல்லை. எழுந்து போய் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். எல்லாம் ஒரு ஆள் அளவு. இந்த டைரியில் ஜூலை எட்டாம் தேதியைப் புரட்டினேன். சுருளை வீணாக்குகிறாள் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கை மரத்துப்போகும்வரை ஃப்ரீசரைத் திறந்து வைத்திருந்தேன் போலிருக்கிறது. அது கீ கீ என்று கத்தியது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. திருச்சியே காவிரிக்குப் போகிறது. பால்கனியில் நின்று பார்த்தேன். ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் தூக்குவாளி தூக்குவாளியாகக் கலந்த சாதம் போகிறது. வருடா வருடம் கனி கூப்பிடுவாள். கூட்டம், பார்க்கிங் கிடைக்காது, எவன் நிற்பது என்பேன். அவள் பால்கனியில் நின்று பார்ப்பாள். இதே இடம்தான். கம்பியில் பெயிண்ட் தேய்ந்திருக்கிற இடத்தில் என் கையை வைத்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

ஃப்ரீசரின் கடைசி வரிசையில் புளியோதரை ஒன்று இருந்தது. இந்த நாளை நினைத்துத்தான் வைத்திருக்கிறாள். சூடு செய்து சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 7

இன்று ஒரு பொய் சொல்லலாம் என்று முடிவு செய்திருந்தேன். இன்னும் ஒரு வரிசை பாக்கி இருக்கிறது. "தீந்து போச்சு, வா" என்று சொன்னால் நாளைக்கே வந்துவிடுவாள். வந்த பிறகு ஃப்ரீசரைப் பார்த்தால் பார்க்கட்டும், அப்போது சமாளித்துக்கொள்ளலாம். தனியாக இருந்து இருந்து எனக்கு மண்டை வெடிக்கிறது. சுவர்க்கடிகாரம்கூட என்னிடம் பேசுகிற மாதிரி இருக்கிறது.

மதியம் நானே போன் செய்தேன். எடுத்ததும் ஒரே இரைச்சல். தட்டுச் சத்தம், யாரோ ரசம் கேட்கும் சத்தம், நடுவில் ஒரு பொம்பளைக் குரல். "ஏலே, மூணாம் நம்பருக்கு எலைய எடுக்காம எங்கல போனே? சோத்தப் போட்டுட்டுப் பாத்துக்கிட்டு நிக்காத, மோரக் கொண்டா!" எங்கேயோ நாலைந்து பேர் சிரித்தார்கள். "கனியக்கா, இன்னிக்கு வெண்டைக்கா அருமை" என்றது ஒரு குரல். "அருமைன்னா இன்னொரு கரண்டி வாங்கு" என்றது அந்தப் பொம்பளைக் குரல்.

அது கனி. எனக்கே நம்ப முடியவில்லை. என்னோடு வாழ்ந்த வீட்டில் அவள் இந்தக் குரலை எடுத்ததே இல்லை.

"யாரு? நீங்களா? சாப்டீங்களா? பந்தி நடக்குதுங்க, அப்பறமாப் பேசறேன்." வைத்துவிட்டாள். எனக்கு முன்னால் அவள் போனை வைத்தது இதுதான் முதல் தடவை.

சொல்ல வந்த பொய் வாயிலேயே நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

படி இறங்கினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக உட்காராத குறையாக. மரியதாஸ் முன்னால் இறங்கிக்கொண்டே "மெதுவா சார், மெதுவா சார்" என்றான். கீழே வந்து வெயிலில் நின்றதும் எங்கே போவது என்று தெரியவில்லை. ஆட்டோக்காரர் கேட்டார். உழவர் சந்தை என்றேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஃப்ரீசரில் இன்னும் இரண்டு பாக்கெட்தான் இருந்தன.

கீரை வாங்கினேன். கட்டைப் பிரித்து அடியில் அழுகல் இருக்கிறதா என்று பார்த்தேன். கீரைக்கார அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "கனியக்கா வீட்டுக்காரரா நீங்க?" என்றது.

"எப்படித் தெரியும்?"

"அக்கா உங்கள மாதிரி செஞ்சு காமிக்கும். கண்ணாடிய மேல தூக்கிவிட்டுக்கிட்டு, ‘இந்த ஒட்டு சரியில்ல கனி'ன்னு. நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம். தப்பா நெனச்சுக்காதீங்க." அப்புறம் கேட்டது, "அக்கா எப்ப வரும்? அது இல்லாம காலைல சப்புன்னு இருக்கு."

என் விரல் அப்போது கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தது. இறக்கிக்கொண்டேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் கூட்டத்தில் நின்று அவள் சிரித்ததை நினைத்தால் எனக்கு அழுகைதான் வந்தது. வெயிலில் கண்ணைத் துடைத்துக்கொண்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 14

நேற்றோடு பாக்கெட் தீர்ந்தது. கடைசியாக இருந்தது வாழைப்பூப் பொரியல்.

இன்று நானே சாம்பார் வைத்தேன். பருப்பு வெந்தது, கத்திரிக்காய் குழைந்துவிட்டது, உப்பு ஒரு கல் தூக்கல். வாயில் வைக்க முடிந்தது. மிஞ்சியதைப் பையில் ஊற்றி மெஷினில் கொடுத்தேன். காற்றோடு சாம்பாரையும் சேர்த்து உறிஞ்சி, தாடையெல்லாம் மஞ்சள். ஒட்டுகிற இடத்தில் ஈரம், ஒட்டுப் பிடிக்கவே இல்லை. ஸ்டூல், தரை, என் வேட்டி, எல்லாம் சாம்பார்.

அவள் ஏன் டப்பாவில் உறையவைத்தாள் என்பது தரையைத் துடைக்கும்போது தெரிந்தது. மெஷினைத் துடைத்து, மறுபடி சாம்பார் வைத்தேன். ஆறவைத்து, பெரிய சதுர டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சாம்பார் செங்கல் மாதிரி உறைந்திருந்தது. சுருளிலிருந்து பெரிய பையாக வெட்டினேன். வாயை மடக்கிவிட்டுப் போட்டு, நிமிர்த்தி, மெஷினில் கொடுத்தேன். பை இழுத்துப் பிடித்தது. ஒட்டு ஒரு ஓரத்தில் கோணல். தொழிற்சாலையாக இருந்தால் தள்ளுபடிதான். அப்படியே ஃப்ரீசரில் நிற்க வைத்தேன். அவ்வளவு பெரிய ஃப்ரீசரில் அது ஒன்றுதான். இரண்டு ஆள் அளவு.

சாயங்காலம் கனி போன் செய்தாள். மெஸ்ஸுக்கு இன்னும் மாஸ்டர் கிடைக்கவில்லையாம். கொடியேற்றிவிட்டு வந்த பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் எல்லாம் அங்கேதான் சாப்பிட்டார்களாம். வெண்பொங்கல் பற்றாமல் போய்விட்டதாம். அவள் சொல்லிக்கொண்டே போனாள், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நடுவில் அவளாகவே நிறுத்தினாள்.

"தீந்துருச்சாங்க?"

நான் ஃப்ரீசர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். குளிர் முகத்தில் அடித்தது.

"இல்ல கனி. இன்னும் நெறைய இருக்கு. நீ இருந்துட்டு வா."

எத்தனை போட்டாள் என்று அவளுக்குத் தெரியாதா? பின்னால் யாரோ பாத்திரம் உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் வச்ச பாக்கெட்டா?" என்றாள்.

"ஆமா."

"சரிங்க" என்றாள். அப்புறம், "உப்புப் பாத்துப் போடுங்க" என்றாள்.

ஃப்ரீசரை மூடினேன். நாளைக்குக் காலையில் சந்தைக்குப் போக வேண்டும்.